பெஸ் யார்?
ஒரு துப்பாக்கியின் பெயரை முன்வைத்துச் சில கேள்விகள்

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தபோது என்.சி.சி. முகாமில்தான் முதன்முதலாக ரைஃபிளைத் தொட்டேன். பாயிண்ட் டூ டூ ரைஃபிள். நாற்பது பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருந்தோம். பயிற்சி கொடுக்க வந்த ஹவில்தாரை எல்லோரும் ‘ஸ்டாஃப்’ என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனிதர், எங்களைப்போல இரண்டு மடங்கு வயது. குழலுக்குள் எண்ணெய்த் துணியை விட்டு இழுத்துக் காட்டிக்கொண்டே சொன்னார்: “பாருங்கம்மா, ரைஃபிள்தான் ஜவானுக்கு முதல் பொண்டாட்டி. தினம் தொடச்சு வெச்சுக்கணும். இன்னொருத்தன் கையில குடுக்கக் கூடாது. ராத்திரி பக்கத்துலயே...” அங்கே நிறுத்திக்கொண்டார். எதிரே இருப்பவர்கள் பெண்கள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். “சரி, விடுங்க. ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கோங்க” என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பு பிறகு பல ஆண்டுகள் உறுத்திக்கொண்டே இருந்தது. அவர் சொன்ன வாக்கியத்தில் எனக்கு எந்த இடம்? ரைஃபிளைக் கையில் வைத்திருந்தவள் நான். ஆனால் வாக்கியம் என்னைத் துடைப்பவர் பக்கம் சேர்க்கவில்லை, துடைக்கப்படும் பொருளின் பக்கம் தள்ளிவிட்டது. ஸ்டாஃப் தானாக யோசித்துச் சொன்ன வாக்கியமும் அல்ல அது. அவருடைய ஸ்டாஃப் அவருக்குச் சொன்னது. அவருக்கு முன்னால் இருந்தவர் அவருக்குச் சொன்னது. இந்தப் பேச்சின் கால்தடத்தைப் பின்தொடர்ந்து போனபோதுதான் பெஸ்ஸைச் சந்தித்தேன்.

1

பதினெட்டாம் நூற்றாண்டு முழுவதும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முன்பகுதியிலும் பிரிட்டிஷ் காலாட்படையின் தோளில் கிடந்த துப்பாக்கிக்கு ‘பிரவுன் பெஸ்’ என்று பெயர். 1720களில் அதன் முதல் மாதிரி வகுக்கப்பட்டது. குழலின் வாய் முக்கால் அங்குலம். எடை நாலரைக் கிலோ அளவில். வாய்வழியே மருந்தையும் ஈயக் குண்டையும் போட்டுக் கோலால் இடித்து, சிக்கிமுக்கிக் கல்லின் பொறியால் வெடிக்க வைப்பார்கள். நூறு கஜம் தாண்டினால் குறி நிச்சயமில்லை.

கறாராகச் சொன்னால் இது ரைஃபிள் அல்ல, மஸ்கெட். குழலின் உட்புறம் வழவழப்பாக இருந்தால் மஸ்கெட். உட்புறத்தில் திருகுச் சுற்றாகக் காடி வெட்டியிருந்தால் ரைஃபிள். காடி வெட்டுவதைக் குறிக்கும் ஆங்கில வினைச்சொல்லிலிருந்துதான் ‘ரைஃபிள்’ என்ற பெயரே வந்தது. ஆனால் பின்னால் ரைஃபிள்களுக்குப் பெண் பெயர் சூட்டிய வழக்கத்துக்கு பெஸ்தான் பாட்டி. அதனால் அவளிடமிருந்து தொடங்குகிறேன்.

‘பெஸ்’ என்பது எலிசபெத் என்ற பெயரின் சுருக்கம், நம்மூரில் லட்சுமி ‘லச்சி’ ஆவதுபோல. ‘பிரவுன்’ என்றால் பழுப்பு. பெயர் எப்படி வந்தது என்பதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கங்கள் மூன்று.

முதலாவது, அது முதலாம் எலிசபெத் அரசியின் நினைவாக வைத்த பெயர் என்பது. மக்கள் அந்த அரசியை பெஸ் என்று அழைத்தது உண்மை. ஆனால் அவர் இறந்தது 1603இல். துப்பாக்கி வந்தது நூறாண்டுக்கும் மேலே கழித்து. இரண்டாவது, துப்பாக்கியைக் குறிக்கும் ‘ப்யூக்ஸ’ என்ற ஜெர்மன் சொல்லோ, பழைய துப்பாக்கி வகைகளான ஆர்க்கபஸ், பிளண்டர்பஸ் ஆகியவற்றின் வால் பகுதியோ காதில் திரிந்து ‘பெஸ்’ ஆனது என்பது. மூன்றாவது, பெயரின் முன்பாதிக்கு மட்டுமான விளக்கம்: வால்நட் மரக்கட்டையின் நிறம் பழுப்பு, அல்லது துரு ஏறாமலிருக்கக் குழலுக்கு ஏற்றிய நிறம் பழுப்பு என்பது. குழலுக்குப் பழுப்பேற்றும் வழக்கம் பிற்காலத்தது. அதற்கு முன் சிப்பாய்கள் அதைப் பளபளவென்று தீட்டித்தான் வைத்திருந்தார்கள்.

இந்த மூன்றையும் அடுத்தடுத்துப் படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. முதல் விளக்கத்தில் பெஸ் ஓர் அரசி. இரண்டாவதில் அவள் பெண்ணே அல்ல, காதில் தவறாக விழுந்த ஒரு சொல். மூன்றாவது மரத்தைப் பற்றியது. சாதாரணமான ஒரு பெஸ், பாத்திரம் தேய்த்த, துணி துவைத்த, கள்ளுக்கடையில் ஊற்றிக் கொடுத்த ஒரு பெஸ், இவற்றில் எதிலும் இல்லை. இங்கிலாந்தின் தெருக்களில் மிகச் சாதாரணமாகப் புழங்கிய பெண் பெயர் அது. அந்தப் பெண்களைத் தவிர மற்ற எல்லாவற்றையும் காரணமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள்.

2

அந்தப் பெண்ணைத் தேடிப் பிடித்தவர் பெண்ணியவாதி அல்ல, துப்பாக்கி ஆய்வாளர். பிரிட்டனின் ராயல் ஆர்மரீஸ் அருங்காட்சியகத்தில் துப்பாக்கிப் பிரிவின் காப்பாளரான ஜொனாதன் ஃபெர்குசன் பழைய அச்சுப் பிரதிகளைத் துழாவி, துப்பாக்கிக்கு இந்தப் பெயர் 1760கள் வரை பின்னோக்கிப் போவதைக் காட்டினார். அதைவிட முக்கியமானது அவர் கண்ட இன்னொன்று: துப்பாக்கிக்கு வருவதற்கு முன்பே ‘பிரவுன் பெஸ்’ என்ற தொடர் பேச்சு வழக்கில் இருந்தது. கீழ்நிலைப் பெண், வைப்பு, காசுக்குப் போகிறவள் என்ற பொருளில் அதை ஆண்கள் சொன்னார்கள். அந்த ஏச்சுப் பெயரைத்தான் சிப்பாய் தன் துப்பாக்கிக்கு எடுத்துக்கொண்டான் என்பது அவருடைய முடிவு.

‘பழுப்பு’ என்பதற்கும் இப்போது வேறு வெளிச்சம் கிடைக்கிறது. ஆங்கிலத்தில் ‘ஃபேர்’ என்ற ஒரே சொல் அழகையும் குறிக்கும், வெளிறிய நிறத்தையும் குறிக்கும். அந்தச் சொல்லுக்கு வெளியே நிற்பவள் பழுப்பு நிறத்தவள், வெயிலில் வேலை பார்த்துக் கறுத்தவள். ‘நல்ல சிவப்பான பெண் தேவை’ என்ற விளம்பரங்களைப் படித்து வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. நிறத்தைச் சொல்லி அழைத்தாலே தகுதியும் சொல்லியாகிவிடும் இடத்தில் அவள் நிற்கிறாள்.

அரசாங்கம் இந்தப் பெயரை ஒருநாளும் எழுதியதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். இராணுவப் பதிவேடுகளில் அது ‘ஃபயர்லாக்’, ‘மஸ்கெட்’ அல்லது மாதிரியின் பெயர். பெஸ் பிறந்தது பாசறையில், அடிமட்டச் சிப்பாயின் வாயில். அதனால்தான் அது ஏறிய முதல் அகராதி கொச்சைமொழி அகராதியாக இருந்தது. 1785இல் பிரான்சிஸ் குரோஸ் தொகுத்த அந்த நூல் பிரவுன் பெஸ்ஸைச் சிப்பாயின் துப்பாக்கி என்று பதிவுசெய்து, கூடவே ஒரு வழக்கையும் தருகிறது: பிரவுன் பெஸ்ஸைக் கட்டியணைப்பது என்றால் சாதாரணச் சிப்பாயாகச் சேவை செய்வது.

கட்டியணைப்பது என்ற சொல் ஏன் வந்தது? அன்றைய சிப்பாயின் வாழ்க்கையைப் பார்த்தால் புரியும். மேலதிகாரி அனுமதி இல்லாமல் அவன் கல்யாணம் செய்துகொள்ள முடியாது. செய்துகொண்டாலும், படை கடல் கடந்து போகும்போது நூறு பேருக்கு ஏறக்குறைய ஆறு மனைவிகள் என்ற கணக்கில்தான் உடன் வரலாம். எந்த ஆறு பேர் என்பதைக் கப்பலேறும் நேரத்தில் சீட்டுப் போட்டு முடிவுசெய்தார்கள். சீட்டு விழாதவள் பிள்ளைகளோடு துறைமுகத்திலேயே நின்றுவிட வேண்டியதுதான். சீட்டு விழுந்தவளுக்குப் பாதி ரேஷன், பிள்ளைக்குக் கால் ரேஷன். அதற்கு ஈடாக அவள் படையின் துணிகளைத் துவைத்தாள், காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொண்டாள், மூட்டை சுமந்து பின்னால் நடந்தாள். இவர்களில் எத்தனை பேருக்கு எலிசபெத் என்று பெயர் இருந்திருக்கும்! துறைமுகத்தில் நின்றவள் கணக்கில் வரவில்லை. அவள் இடத்தில் தோளில் ஏறியது பெஸ்.

இதைச் சொல்லும்போது அந்தச் சிப்பாயை வில்லனாக்க எனக்கு விருப்பமில்லை. கடனுக்கும் பசிக்கும் தப்பிப் படையில் சேர்ந்தவன், சிறு தவறுக்கும் சாட்டையடி பட்டவன், மனைவியைக்கூட அனுமதிச் சீட்டோடு வைத்திருக்க வேண்டியவன். தனக்கும் கீழே ஒருத்தி இருக்கிறாள் என்ற நினைப்பை மட்டும்தான் அவனுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். அந்த நினைப்பில் ஏக்கமும் இருந்தது, இளக்காரமும் இருந்தது. பெயரில் இரண்டும் கலந்தே கிடக்கின்றன.

3

கொச்சை அகராதியில் இருந்த பெஸ் பள்ளிக்கூடப் புத்தகத்துக்கு எப்படி வந்தாள்? அவளை அழைத்துவந்தவர் ரட்யார்ட் கிப்ளிங். 1911இல் சி.ஆர்.எல். ஃபிளெட்சர் எழுதி வெளிவந்த இங்கிலாந்து வரலாற்றுப் பள்ளி நூலுக்கு அவர் பல கவிதைகளை எழுதிக் கொடுத்தார். அவற்றில் ஒன்றின் தலைப்பே ‘பிரவுன் பெஸ்’.

கவிதை முழுவதும் ஒரே சிலேடை. துப்பாக்கி ஒரு நடனக் கூடத்து நாயகியாக வருகிறது. அவள் ஆண்களை நேருக்கு நேர் பார்க்கிறாள். அவளுடைய அழகு அவர்களின் நெஞ்சைத் துளைக்கிறது. போர்கள் அவள் நடத்தும் விருந்துகள். குண்டு பட்டுச் செத்தவர்கள் அனைவரும் அவள்மேல் மையல் கொண்டவர்கள் ஆகிவிடுகிறார்கள். அவளைத் தொடக்கத்தில் பிளெனிம், ரமிலீஸ் போர்க்களங்களில் ஆட விடுகிறார் கிப்ளிங். அந்தப் போர்கள் நடந்தது 1704லும் 1706லும். துப்பாக்கியின் மாதிரி அப்போது பிறக்கவே இல்லை. கவிதைக்கு அது பொருட்டில்லை, என்றும் இருந்த ஒரு பெண் அதற்குத் தேவைப்படுகிறாள்.

நான் நின்று படித்த இடம் வேறு. கவிதை க்யூபெக்கிலிருந்து அசாயே சமவெளிவரை அவளை நடத்திக்கொண்டு போகிறது. பேரரசின் பெரும்பகுதி அவளால் கிடைத்தது என்று சிறுவர்களுக்குச் சொல்கிறது. அசாயே இன்றைய மகாராஷ்டிராவில் இருக்கிறது. 1803இல் ஆர்தர் வெல்லெஸ்லி மராத்தியப் படையை வென்ற களம். அங்கே அவருடைய படையில் இருந்தவர்களில் மெட்ராஸ் சுதேசிக் காலாட்படையினரும் உண்டு. நம் பக்கத்து ஆட்கள். கம்பெனிப் படைகளுக்கென்று குழலைக் குட்டையாக்கி வடிவமைத்த ‘இந்தியா மாதிரி’யைப் பிறகு பிரிட்டிஷ் இராணுவமே எடுத்துக்கொண்டது. பெஸ்ஸின் பிற்கால உருவம் இந்தியாவுக்காக வார்த்தது என்றே சொல்லலாம்.

“அவளால் கிடைத்தது” என்ற வாக்கியத்தின் இலக்கணத்தைப் பாருங்கள். சுட்டவன் யார்? சுடச் சொன்னவன் யார்? நிலத்தை எடுத்துக்கொண்டவன் யார்? மூவரும் வாக்கியத்திலிருந்து இறங்கிப் போய்விட்டார்கள். எழுவாயாக மிஞ்சியிருப்பவள் ஒரு பெண். பெண் பெயர் வைப்பது ஆயுதத்தை நேசிக்க வைப்பதற்கு என்றுதான் நான் முதலில் நினைத்தேன். கிப்ளிங்கைப் படித்த பிறகு அதைவிடப் பெரிய காரியம் தெரிந்தது: கொலை அவள் செய்ததாகிவிடுகிறது. கவிதை முடியும்போது, ஆங்கிலேயர் தம் தாய்மாரின் கைக்கு அடுத்தபடியாக வாழ்த்த வேண்டியது அவளைத்தான் என்கிறது. ஆங்கிலத்தில் கைக்கும் ஆயுதத்துக்கும் ஒரே சொல் என்பதால் சிலேடை சுலபமாக விழுகிறது. விலைமகளுக்கான ஏச்சு தாய்க்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. இந்த இரண்டு நாற்காலிகளையும் விட்டால் அந்தக் கவிதையில் பெண்ணுக்கு வேறு நாற்காலி கிடையாது.

கவிதையில் இப்படி. பேரரசின் கண்டோன்மெண்டில் எப்படி? 1864ஆம் ஆண்டின் கண்டோன்மெண்ட் சட்டத்தின்கீழ் இந்தியப் பாசறைகளை அண்டிப் பிழைத்த பெண்களைப் பதிவுசெய்தார்கள். மருத்துவச் சோதனைக்கு உட்படுத்தினார்கள். நோய் இருந்தால் ‘லாக் ஆஸ்பத்திரி’யில் அடைத்தார்கள். அவர்களிடம் வந்த சிப்பாய்களுக்கு அத்தகைய கட்டாயம் இல்லை. இங்கிலாந்திலும் அதே ஆண்டில் தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. ஜோசஃபின் பட்லர் போன்ற பெண்கள் நெடுங்காலம் போராடிய பிறகு 1886இல்தான் அது நீங்கியது. துப்பாக்கியையும் குறித்த நாளில் வரிசையாக வைத்துக் குழலைப் பார்த்துச் சோதிப்பார்கள். பொருளுக்குப் பெண்ணின் பெயர், பெண்ணுக்குப் பொருளின் நடைமுறை. இரண்டும் ஒரே வேலிக்குள் நடந்தவை.

4

பெஸ் அமெரிக்கா போனபோது பெட்ஸி ஆனாள். அதுவும் எலிசபெத்தின் சுருக்கம்தான். எல்லைப்புற நாயகன் டேவி கிராக்கெட்டின் ரைஃபிள்கள் பெட்ஸி என்ற பெயரால் புகழ்பெற்றவை. அவருடைய சகோதரிக்கும் அந்தப் பெயர் உண்டு, இரண்டாவது மனைவிக்கும் உண்டு. யார் பெயரை வைத்தார் என்று இன்றும் பேசிக்கொள்கிறார்கள். கிராக்கெட் 1836இல் அலமோவில் செத்தார். மனைவி எலிசபெத் அதற்குப் பிறகு இருபத்துநான்கு ஆண்டு வாழ்ந்தார். கணவர் உயிர் விட்டதற்குக் கிடைக்க வேண்டிய நிலத்துக்காக முதிய வயதில் டெக்சாஸ் போனார், 1860இல் அங்கேயே இறந்தார். ரைஃபிளின் பெயர் தெரிந்தவர்களில் எத்தனை பேருக்கு இவரைத் தெரியும்?

“கப்பலைக்கூடத்தானே அவள் என்கிறார்கள், இதில் என்ன இருக்கிறது?” என்று என் வகுப்பில் ஒரு மாணவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆங்கில இலக்கணத்தில் துப்பாக்கி ‘அது’தான், தமிழில் அஃறிணையாக இருப்பதுபோல. மொழி கட்டாயப்படுத்தாத இடத்தில் ஒருவர் ‘அவள்’ என்கிறார் என்றால் அது அவருடைய தேர்வு. எந்தப் பெண் என்பதும் தேர்வுதான். முதல் உலகப் போரின் 42 சென்டிமீட்டர் ஜெர்மன் பீரங்கியான ‘பருத்த பெர்த்தா’வுக்குப் பெயர் கொடுத்தவர் அதைச் செய்த க்ரூப் ஆலையின் வாரிசு பெர்த்தா க்ரூப் என்பார்கள். அந்தப் பெர்த்தாவுக்குக் குடும்பப் பெயர் உண்டு, சொத்து உண்டு, படம் உண்டு. பெஸ்ஸுக்கு நிறம் மட்டும்தான்.

இருபதாம் நூற்றாண்டில் இந்தப் பேச்சை வெளிச்சத்தில் நிறுத்திக் காட்டிய படைப்பு என்று நான் நினைப்பது ஸ்டான்லி குப்ரிக்கின் ‘ஃபுல் மெட்டல் ஜாக்கெட்’ (1987). குஸ்தாவ் ஹாஸ்ஃபோர்டின் நாவலைத் தழுவிய படம். பாரிஸ் ஐலண்ட் மரைன் பயிற்சி முகாமில் சார்ஜெண்ட் ஹார்ட்மன் இளைஞர்களுக்குக் கட்டளையிடுகிறார்: இன்றிரவு ரைஃபிளோடு படுங்கள், அதற்கு ஒரு பெண்ணின் பெயர் வையுங்கள், இனி உங்களுக்குக் கிடைக்கப்போகும் ஒரே பெண் அதுதான். அவர்கள் ரைஃபிளைக் கட்டிக்கொண்டு படுத்தபடி மரைன்களின் ‘ரைஃபிள் உறுதிமொழி’யை ஒப்பிக்கிறார்கள். 

1940களின் தொடக்கத்தில் வந்த அந்த உறுதிமொழி ஜெனரல் ரூபர்ட்டஸின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது. அதில் ரைஃபிள் பெண் அல்ல. தோழன் என்கிறது, சகோதரனைப்போல அறிந்துகொள்வேன் என்கிறது. எழுதி வைத்த மொழியில் சகோதரன், கட்டிலில் பெண். பிரிட்டிஷ் பதிவேட்டில் மஸ்கெட்டாகவும் பாசறையில் பெஸ்ஸாகவும் இருந்த அதே இரட்டைக் கணக்கு.

படத்தில் எல்லோராலும் அவமானப்படுத்தப்படும் பைல் என்ற இளைஞன் தன் ரைஃபிளுக்கு சார்லீன் என்று பெயர் வைக்கிறான். தனியாக உட்கார்ந்து அவளோடு பேசத் தொடங்குகிறான். அவன் மட்டும்தான் சார்ஜெண்ட் சொன்னதை அப்படியே நம்பியவன். ஓர் இரவில் அந்த ரைஃபிளாலேயே சார்ஜெண்டைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொள்கிறான். இராணுவம் உவமையாகச் சொன்னதை அவன் உண்மையாக எடுத்துக்கொண்டான்.

படத்தின் பின்பாதி வியட்நாம். மறைந்திருந்து சுடும் ஒருவர் அமெரிக்க வீரர்களை ஒவ்வொருவராகச் சாய்க்கிறார். தேடிப் போய்ப் பார்த்தால் அது ஒரு சிறுபெண். கதைசொல்லியான ஜோக்கர் அவளைப் பார்த்ததும் அவனுடைய ரைஃபிள் சிக்கிக்கொள்கிறது. இன்னொருவன் அவளைச் சுட்டு வீழ்த்துகிறான். கொன்றுவிடும்படி அவள் கெஞ்சுகிறாள். கடைசியில் ஜோக்கர் கைத்துப்பாக்கியால் அதைச் செய்கிறான். படத்தில் ரைஃபிளுக்குப் பெயர் இருக்கிறது. ரைஃபிளைப் பிடித்த பெண்ணுக்குப் பெயர் இல்லை. அவள் வீரர்களுக்கு அதிர்ச்சி தருவது எதிரி என்பதால் அல்ல. துப்பாக்கியின் இந்தப் பக்கத்தில் ஒரு பெண் நிற்பாள் என்று அவர்கள் பேசிவந்த மொழி அவர்களுக்குச் சொல்லித் தரவே இல்லை.

குப்ரிக் இதைத் தெரிந்தே செய்தாரா? செய்தார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் படமும் அவளுக்கு ஒரு பெயரைத் தரவில்லை என்பதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். விமர்சனம் செய்யும் கலையும் சில வேளைகளில் தான் விமர்சிக்கும் வழக்கத்துக்குள்ளேயே நின்றுவிடுகிறது.

5

முகாமுக்குத் திரும்புகிறேன். ஸ்டாஃப் வாக்கியத்தை முடிக்காமல் விட்டதை இப்போது வேறுவிதமாகப் பார்க்கிறேன். கையில் ரைஃபிளோடு பெண்கள் எதிரே உட்கார்ந்ததும் அந்தப் பழைய பேச்சு தானாகத் தடுக்கி விழுந்தது. பெண்கள் படைக்குள் வந்துவிட்டாலே போதும் என்று இதற்குப் பொருளில்லை. இராணுவம் நமக்கும் திறந்துவிட்டது என்று கொண்டாடும் கட்டுரையும் அல்ல இது. துப்பாக்கியை யார் பிடித்தாலும் எதிர்முனையில் விழுவது மனித உடல்தான். நான் சொல்ல வருவது அந்த இடறலைப் பற்றி மட்டுமே. அன்று நாங்கள் சிரிக்காமல் இருந்திருந்தால் அவர் அந்த மௌனத்தை என்ன செய்திருப்பார்?

அன்று மாலை ரைஃபிள்களைத் திருப்பி ஒப்படைத்தோம். ஸ்டாஃப் ஒரு நீளமான பதிவேட்டைத் திறந்து வைத்திருந்தார். கட்டையில் எழுதியிருந்த எண் ஒரு பத்தியில், எடுத்தவர் பெயர் அடுத்த பத்தியில், சுட்ட தோட்டாக்களின் எண்ணிக்கை, காலி உறைகளின் எண்ணிக்கை, கடைசியில் கையெழுத்து. ஒரு உறை குறைந்தாலும் புல்லில் தவழ்ந்து தேட வேண்டும். சலிப்பான அந்தப் பதிவேட்டில் சார்லீனும் இல்லை, பெஸ்ஸும் இல்லை. பொருளுக்கு எண், சுட்டவளுக்குப் பெயர்.

எனக்கு ஐந்து தோட்டாக்கள் தந்தார்கள். ஐந்து உறைகளையும் எண்ணி வைத்துவிட்டு என் முழுப் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.